இந்த அறையைத் தாண்டாது

எழுபத்து மூன்றாவது பெட்டியிலும் ஓர் இடது கால், ஒரு வலது கால்.

மேலாளர் இரண்டு ஷூக்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த பெட்டிக்குக் கை நீட்டினார்.

நூற்று இருபது பெட்டிகள். லாரியில் ஏற்றியதை மறுபடி இறக்கி, பேக்கிங் கூடத்தின் நடுவில் அடுக்கியிருந்தார்கள். ஏதோ ஒன்றில் இரண்டுமே இடது காலாக இருக்கிறதாம். அதைப் போட்டவரை இன்றே கணக்கு முடித்து வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். நாங்கள் பன்னிரண்டு பேரும் சுவரோரம் நின்றோம். ஒவ்வொரு பெட்டி திறக்கும்போதும் நான் கண்ணை இறுக மூடித் திறந்தேன்.

எங்கள் குழுத் தலைவர் மட்டும் மேலாளருக்குப் பக்கத்தில் நின்றார். கண்டுபிடித்தவர் அவராயிற்றே. பெட்டி மூடும்போது தன் கண்ணாலேயே பார்த்தாராம். யார் மூடியது, எந்தப் பெட்டி என்று மட்டும் கவனிக்கவில்லையாம்.

தலைவர், குழுவின் நம்பிக்கையைப் பெறுவது பற்றி இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர். வந்ததும் முதல் வேலையாகத் தன் அறை மேசையைச் சுவரோரம் தள்ளினார். தலைவருக்கும் குழுவுக்கும் நடுவில் மேசை இருக்கக் கூடாதாம். எதிரெதிரே இரண்டு நாற்காலி. வாரம் ஒருமுறை ஆளுக்குப் பத்து நிமிடம் மனம் திறக்க வேண்டும். முதலில் அவர் தன் குறையைச் சொல்வார். வேலையை அளவுக்கு மீறி நேசிக்கிறாராம். பிறகு நேராகக் கண்ணைப் பார்த்து, குரலைத் தாழ்த்துவார்.

"இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாது. என்னை நம்பலாம்."

பெட்டிகளில் லேபிள் ஒட்டும் அக்கா நம்பினாள். அளவு ஸ்டிக்கரில் உள்ள பொடி எழுத்து முன்போலத் தெரிவதில்லை, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொன்னாள். மூன்றாம் நாள் அவளைக் கிடங்கில் சுமை தூக்கப் போட்டார்கள். யார் போட்டுக் கொடுத்தார்களோ என்று அவளைவிடத் தலைவர்தான் அதிகம் வருத்தப்பட்டார். அழுதவளுக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தார்.

இப்போது கத்தியோடு உட்கார்ந்து பெட்டிகளின் டேப்பை வெட்டிக்கொண்டிருப்பது அதே அக்காதான்.

நேற்று என் முறை. ஒரு பெட்டியில் இரண்டையும் இடது காலாகப் போட்டுவிட்டேன், எதில் என்று தெரியவில்லை, லாரி கிளம்புவதற்குள் நானே தேடி மாற்றிவிடுகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். நல்லது, தேடு, நமக்குள் இருக்கட்டும் என்றார்.

காலையில் நான் வருவதற்குள் மேலாளர் வந்து நின்றார்.

நூறு. நூற்றுப் பத்து. தலைவர் தானும் பெட்டிகளை எண்ணுவதுபோல முன்னால் குனிந்து குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

கடைசிப் பெட்டியை அக்கா நிதானமாக வெட்டினாள்.

ஓர் இடது கால், ஒரு வலது கால்.

மேலாளர் ஷூவைக் கீழே வைக்காமலே தலைவர் பக்கம் திரும்பினார்.

"கண்ணாலேயே பார்த்தேன்னு சொன்னீங்களே, அது எங்கே?"

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தார். பயிற்சியில் அவர் கற்றுவந்தபடியே நானும் நேராக அவர் கண்ணைப் பார்த்தேன்.

நான் எதையும் மாற்றிப் போடவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நாளும் போட்டதில்லை. இவ்வளவு நேரம் எனக்கிருந்த பயமெல்லாம், நூற்று இருபதில் ஒன்று நிஜமாகவே மாறித் தொலைத்திருக்குமோ என்பதுதான்.

என் பேரைச் சொன்னால், கண்ணால் பார்த்தது பொய் என்று மேலாளருக்குத் தெரிந்துவிடும். அக்காவின் கண் விஷயம் எந்த வாய் வழியாகப் போனது என்று சுவரோரம் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அக்கா கையில் வேறு கத்தி இருந்தது.

தலைவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அவர் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தோம்.