மூத்தவர்

மனைவி எப்போது நாற்காலியை விட்டு எழுந்திருப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தார் லிஃப்ட் மெக்கானிக்.

சட்டைப் பையில் அவருடைய பிறப்புச் சான்றிதழ் நாலாக மடிந்து கிடந்தது. அவள் பக்கத்தில் இருக்கும்வரை அதை வெளியே எடுக்க முடியாது.

டிராவல்ஸ் அலுவலகத்தில் அவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. கவுன்டரில் இருந்த பெண் நல்ல பொறுமைசாலி. இரண்டாவது முறையாக எல்லாவற்றையும் சொன்னாள்.

"பாஸ்போர்ட் வரலேன்னா பரவாயில்ல சார். கப்பல் கிளம்பின துறைமுகத்துக்கே திரும்பி வந்துடுது, அதனால ஒரிஜினல் பர்த் சர்டிபிகேட்டும் ஐடி கார்டும் போதும். பிறந்த தேதி மட்டும் புக்கிங் ஃபார்ம்ல இருக்கறதோட ஒத்துப்போகணும். இல்லேன்னா ஏத்த மாட்டாங்க."

கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புகிறது.

மனைவியின் பாஸ்போர்ட் வந்து ஒரு மாதம் ஆகிறது. தொப்பி வாங்கிவிட்டாள். வாந்தி மாத்திரைகூட வாங்கிவிட்டாள். ஜன்னல் இல்லாத அறையில் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்தவள். ஒரு தடவையாவது கரையே தெரியாத கடலைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

அவருடைய பாஸ்போர்ட் ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

விண்ணப்பம் நிரப்பும்போது அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் வீட்டு வயதை எழுதினார். சான்றிதழோடு தேதி ஒத்துப்போகவில்லை என்று பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அது இப்போது டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனருக்கு அடியில் இருக்கிறது.

வீட்டு வயது என்பது முப்பத்தெட்டு வருடத்துக் கதை.

அவள் வேலை பார்த்த கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றது. நிற்காத நாளிலும் அவர் போனார். பிறகு பெண் கேட்கப் போனார். மாப்பிள்ளை பெண்ணைவிட மூன்று வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும் என்று மாமனார் ஒற்றைக்காலில் நின்றார். இவரோ அவளைவிட ஒரு வயது இளையவர். கண்ணை மூடிக்கொண்டு ஐந்தைக் கூட்டிச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அடையாள அட்டையை அவள் கண்ணில் காட்டவில்லை. எந்த விண்ணப்பத்தையும் அவள் கையில் கொடுக்கவில்லை. வீட்டு வயதுப்படி ஓய்வுபெற வேண்டிய வருடம் வந்தபோது, கம்பெனிக்குத் தன்னை விட மனம் வரவில்லை என்றார். அவளும் அதைத் தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இன்னும் ஐந்து வருடம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறினார்.

மறைத்ததோடு விட்டாரா? கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதிலிருந்து எல்லாச் சண்டையையும் 'நாலு வயசு மூத்தவன் சொல்றேன்' என்றுதான் முடித்துவைத்தார். அவள் 'சரிங்க' என்பாள்.

இப்போது அந்த ஐந்து வருடம் கடலை மறித்துக்கொண்டு நின்றது.

ஏனென்றால் புக்கிங் ஃபார்ம் நிரப்பியது அவள். போன மாதம் அவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீங்கிய கன்னத்தோடு படுத்திருந்த அன்றைக்குத் தனியாக வந்து நிரப்பிவிட்டுப் போயிருந்தாள். அவள் வீட்டு வயதைத்தானே எழுதியிருப்பாள்? பாவம், அவளுக்கு வேறென்ன தெரியும்?

மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கப்பல் பொம்மை இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அவள் எழுந்து போனாள்.

அவர் அவசரமாகச் சான்றிதழையும் அட்டையையும் எடுத்துக் கவுன்டரில் வைத்தார். ஃபார்மில் வருடம் தப்பாக இருக்கும், காதும் காதும் வைத்த மாதிரி திருத்திக் கொடு என்று அந்தப் பெண்ணைக் கெஞ்சிக் கேட்பதாக இருந்தார். முடியாது என்றால் மனைவியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது. கப்பலும் போய் மானமும் போகட்டும். அவள் வாங்கிவைத்த தொப்பியை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் ஃபார்மையும் சான்றிதழையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேனா முனையால் தேதியைத் தொட்டுப் பார்த்துவிட்டாள். ஒத்துப்போகிறது என்று சொல்லி டிக் அடித்தாள்.

சரியாகப் பார்த்தாளா?

ஃபார்மை வாங்கித் தன் பக்கம் திருப்பினார். மனைவியின் குண்டு குண்டான கையெழுத்து. தேதி, மாதம், வருடம். அவர் நிஜமாகப் பிறந்த வருடம். ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ரொம்ப நாளாகத் தெரிந்தவர்கள் எழுதுகிற மாதிரி எழுதியிருந்தாள்.

எத்தனை நாளாக?

தெரு முழுக்க அவள் சொல்லித் திரிந்த பெருமை ஞாபகத்துக்கு வந்தது. கண்ணாடி மாட்டின சுவர் ஞாபகத்துக்கு வந்தது. அத்தனை 'சரிங்க'வும் வரிசையாக வந்தன. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

நிமிர்ந்து பார்த்தார். பொம்மைக் கப்பலை ஆசை தீரப் பார்த்துவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள்.

"வா, போலாம்" என்றாள்.

"இதோ வந்துட்டேங்க" என்று அவள் பின்னாலேயே போனார் மெக்கானிக்.