நாளைக்குக் குறையும்

"இன்னா தம்பி, எறங்குச்சா?"

வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் சம்பந்தம் உள்ளே வந்தார். ஆவடி ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் இருந்தது முகமது ஆசிக்கின் அந்நியச் செலாவணிக் கடை. படியேறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. கூடவே வந்த மகள் கனிமொழி அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சுவரில் டாலர் விலை ஓடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தபடி நின்றாள்.

பெண்ணை அமெரிக்காவில் படிக்க வைத்தே தீருவது என்பது சம்பந்தத்தின் பிடிவாதம். அவர் குடியிருக்கும் பட்டாபிராமில் எதிர்ப்படுகிறவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால்கூட அவர் அமெரிக்காவைத்தான் பதிலாகச் சொல்வார். கல்லூரிக்குக் கட்ட வேண்டியது நாற்பதாயிரம் டாலர். கையில் இருப்பதோ ஃபாக்டரியில் ரிட்டையர் ஆனபோது வந்த முப்பத்தைந்து லட்சம். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் அவருக்கு நாற்பதாயிரம் ரூபாய் கூடுதல் செலவு. ஒரு மாதமாக மனுஷனுக்குத் தூக்கமே இல்லை.

"இன்னிக்கு நல்லா எறங்கிக்கீதுண்ணே. எம்பத்தேழு. உன் பணம் சரியாப் போதும். யோசிக்காம வாங்கிப் போட்டுடு" என்றான் ஆசிக்.

சம்பந்தம் சட்டைப் பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தார். எடுத்தவர், வழக்கம்போல மகளின் முகத்தைப் பார்த்தார். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவள். கல்லூரியிலேயே முதல் மாணவி. அவள் சரி என்று சொல்லாமல் அவர் ஒரு டாலர்கூட வாங்கமாட்டார்.

"நாளைக்குப் பாக்கலாம்ப்பா. இன்னும் குறையும்."

"எப்படிம்மா கொறையும்?" ஆசிக்குக்குப் பொறுக்கவில்லை. "கச்சா எண்ணெ வெல ஏறிக்கினே போவுது. அத்த வாங்கறதுக்கு எல்லாக் கம்பெனியும் டாலரத் தேடி அலையுது. வெளிநாட்டுக்காரன் வேற நம்ம ஷேரையெல்லாம் வித்துட்டு, டாலரா மாத்தி எடுத்துக்கினு போறான். எல்லாரும் கேட்டா வெல ஏறத்தானே செய்யும்? முகூர்த்த நாள்ல மல்லிப்பூ விக்கற மாதிரிதான்."

"ரிசர்வ் வங்கி பாத்துக்கிட்டு சும்மா இருக்காதுண்ணா. கையில இருக்கற டாலரை எடுத்து மார்க்கெட்ல விக்கும். தாராளமாக் கிடைச்சா விலை இறங்கித்தானே ஆகணும்?"

"போன தடவையும் இதத்தான் சொன்னே. மறுநாளே ஏறிச்சு."

"இந்தத் தடவை இறங்கும்."

"படிச்ச புள்ள சொல்லுது தம்பி. நமக்கு இன்னா தெரியும்?" என்று செக் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார் சம்பந்தம்.

ஆசிக் அவருக்குத் தண்ணீர் கொடுத்தான். "அது கெடக்கட்டும். நெஞ்சுல அடைப்புன்னு ஆபரேஷன் பண்ணச் சொன்னாங்களே, இன்னாச்சுண்ணே?"

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? இவ மொதல்ல ப்ளேன் ஏறட்டும். இருக்கறதே இவ்ளோதான். அதுல எனக்கு வேற செலவு பண்ணுவாங்களா?"

மறுநாள் டாலர் ஏறியது. அதற்கடுத்த நாளும் ஏறியது. அப்பாவும் பெண்ணும் கடைக்கு வருவதும், "நாளைக்குக் குறையும்" என்று அவள் சொல்வதும், வெறுங்கையோடு திரும்புவதுமாகவே நாட்கள் போயின.

பணம் கட்டக் கடைசி நாளும் வந்துவிட்டது. டாலர் தொண்ணூறைத் தாண்டி நின்றது. சம்பந்தம் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். கனிமொழி நகத்தைக் கடித்துக்கொண்டு திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். எண் கொஞ்சம் அசைந்தாலும் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"ஒரு லட்சத்துக்கு மேல துண்டு வுழுதுண்ணே. நான் எங்கியாச்சும் பொரட்டித் தரட்டா?" என்றான் ஆசிக்.

"வேண்டாம்ணா" என்று கனிமொழி முந்திக்கொண்டாள். "அப்பாவுக்குக் கடன் ஆகாது."

"ஆமா தம்பி. கடன வாங்கிட்டு நிம்மதியா சோறு துன்ற ஆளு நான் இல்ல. ஊட்ட வேணா வித்துடலாமா?"

"சாயங்காலத்துக்குள்ள எவன்ணே வந்து வாங்குவான்?"

மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தை முடிகிற நேரத்தில் டாலர் இன்னும் பத்துக் காசு ஏறி நின்றது. அவ்வளவுதான், சம்பந்தம் உடைந்துவிட்டார்.

"உங்கம்மா இருந்திருந்தா எப்படியாச்சும் அனுப்பி வெச்சிருப்பா. என்னால முடியலியே கனி."

"பரவாயில்லப்பா. நான் இங்கயே வேலைக்குப் போறேன்."

"இன்னா பரவால்ல? எல்லாம் போச்சு." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "இனிமே அந்தப் பணத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்? நாளைக்கே போய் அந்த ஆபரேஷனையாவது பண்ணித் தொலைக்கிறேன்."

சொல்லிவிட்டு முகம் கழுவப் பின்பக்கம் போனார். அவர் தலை மறைந்ததும் கனிமொழி நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆசிக்குக்கு மனசு தாங்கவில்லை. ஆனால் கோபமும் வந்தது.

"இவ்ளோ படிச்சிக்கீறே பாப்பா. கொறையும் கொறையும்னு நீ சொன்னப்பல்லாம் ஏறிச்சு. ஒரே ஒரு தடவயாவது உன் கணக்கு சரியா வந்திருக்கக் கூடாதா?"

கனிமொழி பின்பக்கக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அங்கே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"என் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பலண்ணா" என்றாள் தாழ்ந்த குரலில். "ஏறும்னு தெரிஞ்சுதான் ஒவ்வொரு தடவையும் குறையும்னு சொன்னேன்."