சாய்ந்து உட்கார்ந்தவள்

"உப்பைத் தின்ன இடத்துலயே பழிப்புக் காட்டுற ஆளுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

கடைப்படியில் நின்று சபியா பெயர் சொல்லாமல்தான் கேட்டாள். ஆனால் வண்டன்மேட்டில் அந்த ஏலக்காய்க் கடைக்குள் அப்போது இருந்ததே இரண்டு பேர். ஒருவர், பக்கவாதத்தில் வலக்கை விழுந்துபோன அவள் கணவர் கனி. இன்னொருத்தி, காய் தரம் பிரிக்கும் இன்பமேரி.

கனி இடப்பக்கம் சரிந்து, விழுந்த கையை மடியில் மல்லாத்திப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மேரியும் அச்சு அசலாக அதே சரிவு, மடியில் அதே மல்லாந்த கை. மற்றக் கை முறத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்ட காயை அந்தக் கையின் விரல்கள் உருட்டிக்கொண்டிருந்தன.

"நேரா உக்காந்தா இடுப்பு ஒடிஞ்சிருமாடி?"

"இப்படித்தான் உக்காருவேன், அக்கா."

"அவ்வளவு திமிரா? எந்திரிச்சு வெளிய போ."

"மாட்டேன்."

சபியாவிடம் அப்படிச் சொல்லித் தப்பியவர்கள் குறைவு. காய் மூட்டையைத் தலையில் சுமந்து விற்று, பேசிப் பேசியே இந்தக் கடையைப் பிடித்தவள். ஏலக் கூடத்தில் பெரிய பெரிய வியாபாரிகளே அவள் வாய்க்கு வழி விடுவார்கள்.

"காயைத் தொட்ட மாத்திரத்துல தரம் சொன்ன மனுஷர். அவர் கை விழுந்தது உனக்குக் கூத்தா இருக்கா?"

உள்ளே வந்து முறத்தைப் பறிக்கக் குனிந்தாள்.

"விடு சபியா." கனிக்கு நாக்கு குழறியது. "அவ நிறுத்தினா... இதுவும் நின்னுரும்."

சபியா அவர் மடியைப் பார்த்தாள்.

மேரியின் கட்டைவிரல் காயை உருட்ட, கனியின் கட்டைவிரலும் லேசாக, மிக லேசாகத் துடித்தது.

"நேரா உக்காந்தும் செஞ்சு பார்த்தேன், அசையலை," என்றாள் மேரி. "அவர் இருக்கிற இருப்புலயே இருந்து செஞ்சாத்தான், பார்க்கிறவர் மூளை தானே செய்யிற மாதிரி கிளம்புமாம். கைக்குப் பயிற்சி குடுக்கிற தெரபிக்காரர் சொன்னாரு."

"அதை என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்ககிட்டதான் சொன்னாரு அக்கா. வீட்டுக்காரம்மா தினமும் செய்யணும்னு. நீங்க போன்ல விலை பேசிக்கிட்டே தலையாட்டுனீங்க. முதலாளியைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நான்தான் பக்கத்துல நின்னேன்."



மேரி எழுந்தாள். முறத்தைச் சபியா பக்கம் தள்ளினாள்.

"இது உங்க வேலை. உக்காருங்க... நேரா இல்லை அக்கா, சாஞ்சு."