உதைக்காத துப்பாக்கி

அமெரிக்காவின் மொன்டானாவில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த கிழவர் வெர்னுக்கு, துப்பாக்கி வாங்க வந்த ராய்ஸை முதலில் பிடித்துத்தான் இருந்தது. மேசைமேல் கிடந்த இரண்டு வேட்டைத் துப்பாக்கிகளையும் அவன் மாறி மாறித் தூக்கிப் பார்த்தான்.

“எல்க் மானுக்கு எது நல்லது, பெரியவரே?”

“கனமான தோட்டா போடுறது எட்ட இருந்தே சாய்ச்சிடும். ஆனா தோள்ல பலமா உதைக்கும். லேசானது உதைக்காது, கிட்டப் போய்த்தான் சுடணும்.”

“அப்ப லேசானதே போதும். மேல மாட்டுற தொலைநோக்கிகூட வேண்டாம்.”

வெர்ன் சிரித்தார். “எவ்வளவு தூரத்துல சுடப் போறீங்க, தம்பி?”

“பத்தடி.”

“காட்டு மான் பத்தடி கிட்ட வர விடுமா?”

“வாளியைத் தட்டினா அதுவே ஓடி வரும். குட்டியில இருந்து புட்டிப்பால் குடுத்து வளர்த்தது. காசு குடுத்து மான் சுட என் பண்ணைக்கு வர்ற பணக்காரங்களுக்குக் குறி பார்க்கத் தெரியாது. ஆனா சுவத்துல மாட்ட கொம்போட தலை வேணும். பாவம், அவங்களுக்குத் தோள் வலிக்கக் கூடாதில்ல?”

வெர்ன் இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“என்னாச்சு?” என்றான் ராய்ஸ்.

“இது வேட்டைக்காரங்க வர்ற கடை. கசாப்புக் கத்தி அடுத்த தெருவுல கிடைக்கும், போ.”