ஐம்பத்தொன்றே முக்கால் அங்குலம்

தகரம் வெட்டும் புது மெஷினுக்கு விலைமனுக் கோரும் கடிதத்தை ஆதிலா எழுதிய விதத்தைப் பார்த்ததும் நல்லரெத்தினத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. முப்பது வருஷம் கணக்குப் பகுதியில் குந்தியிருந்தவருக்கு விளங்காமல் என்ன?

பாண்டிருப்பிலிருந்து இந்தத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அவர் மாற்றலாகி வந்து இரண்டு கிழமைதான். ஆதிலா இங்கே தகரவேலைப் பிரிவுக்குப் பொறுப்பான போதனாசிரியை. அவள் பெயருக்குத் தலைமையகத்திலிருந்து 'இரகசியம்' என்று முத்திரை குத்திய கடிதமொன்று வந்திருந்தது. இரகசியம் என்றதும் நல்லரெத்தினம் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'மெஷின் தொடர்பான விசாரணை' என்பதும், 'மாத முடிவுக்குள் திருப்தியான விளக்கம் இல்லையேல் பணிநீக்கம்' என்பதும் தெரிந்தன. அதற்கு மேல் வாசிக்க அவருக்குத் தேவைப்படவில்லை. மெஷின் வாங்குகிறவர்கள் கொமிஷன் வாங்குவது அவர் காணாத காட்சியா?

ஆனால் விசாரணை தலைக்கு மேல் தொங்கும்போதே அடுத்த மெஷினுக்கு ஆள் பிடிக்கிற நெஞ்சழுத்தத்தை இப்போதுதான் பார்க்கிறார்.

"வெட்டு நீளம் ஐம்பத்தொன்றே முக்கால் அங்குலம்," என்று உரக்க வாசித்தார். "நாலடி இருக்கும், அஞ்சடி இருக்கும். இதென்ன மிஸ் முக்கால்?"

"எங்கட வேலைக்கு அதுதான் தோது சேர்."

"மிதிகட்டை இடப்பக்கம். மேசையின் வலது மூலையில் மூன்று ஓட்டை, நடு ஓட்டை மட்டும் பெரிது." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஆரோ ஒருத்தன்ட கடைக்குள்ள போய் டேப் போட்டு அளந்திட்டு வந்த மாதிரி இருக்கு."

"அளக்கத் தேவல்ல சேர். எனக்கு அது பாடம்."

சொன்னபடியே ஒரு துண்டுக் கடதாசியும் பாராமல் கடைசி வரியை எழுதினாள்: வருகிற திங்கள் காலை பத்து மணிக்கு, விலையுடன் மெஷினையும் நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

இந்தப் பக்கத்தில் விலைமனுக் கோரல் என்பது கலியாணக் கடிதம் மாதிரி. மாப்பிள்ளை ஆரென்று முடிவான பிறகுதான் அச்சுக்குப் போகும். ஆனாலும் மாப்பிள்ளையின் மச்சம் வரைக்கும் அதில் எழுதுகிற ஆளை நல்லரெத்தினம் கண்டதில்லை.

"இத அனுப்பினா ஒருத்தன்தான் வருவான்."

"ஒருத்தர் வந்தாப் போதும் சேர்."

"ஒடிட்காரன் பிடிச்சா உங்கட வேலை போகும் தங்கச்சி."

"அது எப்பிடியும் போற வழியிலதான் நிக்கிது. நீங்க சைன் வெச்சுத் தாங்க."

கையெழுத்து வைத்தார். நாளைக்குத் தன் தலை தப்ப வேண்டுமே என்று ஒரு பிரதியும் எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

கடிதம் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை பத்தொன்பது கடைகளுக்குப் போயிற்று. பதினேழு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் போன் எடுத்து, "இப்பிடி மெஷின் உலகத்திலயே செய்யிறல்ல" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

மிச்சமிருந்தவர் கல்முனைச் சந்தைப் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பக்கீர் முகைதீன் முதலாளி. சாமான் வாங்கும்போது அதிகம் கேள்வி கேட்காதவர் என்று கடைத்தெருவில் பெயர் எடுத்தவர். திங்கட்கிழமை ஒன்பதரைக்கே லொறியோடு வந்து நின்றார். லொறியில் தார்ப்பாய்க்குக் கீழே மெஷின். பச்சைப் பெயின்ட் இன்னும் கையில் ஒட்டும் பதத்தில் இருந்தது.

"இப்பிடியொரு கடிதம் நான் என்ட வியாபாரத்தில கண்டதில்ல மிஸ்," என்றார், கதிரையில் சரிந்துகொண்டு. "வாசிக்க வாசிக்க என்ட மெஷின்தான் கண்ணுக்குள்ள வருது. என்னட்ட இது கிடக்கெண்டு ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல முதலாளி. எழுதினா வருவீங்க எண்டு நினச்சன்."

முதலாளி கண்ணைச் சிமிட்டினார். "புத்திக்காரி. மறுகா, எல்லாம் முடிஞ்ச பிறகு, உங்கட சந்தோசத்த நான் தனியப் பாத்துக்கிறன்."

"நீங்க வந்ததே எனக்குப் பெரிய சந்தோசம்."

நல்லரெத்தினம் பேரேட்டுக்குள் முகத்தைப் புதைத்தார். கொமிஷனை முன்மேசையில் வைத்தா பேசுவார்கள்? ஒரு கூச்சநாச்சம் வேண்டாமா?

மதிப்பீட்டுக் குழு என்று இரண்டு பேரை ஆதிலாவே கூட்டிவந்து இருத்தியிருந்தாள். அவர்களுக்கும் பங்கு உண்டு என்று நல்லரெத்தினம் மனதுக்குள் எழுதிக்கொண்டார். அதில் மூத்தவர் லொறியில் ஏறி, கடிதத்தைப் பார்த்துப் பார்த்து அளந்தார். முக்கால் அங்குலம் முக்கால் அங்குலமாகவே இருந்தது.

"புது மெஷின்தானே?"

"பெட்டி உடைக்காத புதுசு," என்றார் முதலாளி, விரலில் பட்ட பச்சையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தபடி.

"உங்கட சொந்தம்தானே? நாளைக்கு வேற ஒருத்தன் வந்து தன்ட எண்டு நிக்கமாட்டானே?"

"என்ன கதை இது? இறக்குமதி செஞ்சதே நான்தான்."

"அப்ப அத எழுதி ஒரு சைன் வைங்க. குழுவுக்கு அது வேணும்."

ஓடர் கையில் விழுந்துவிட்ட களிப்பில் முதலாளி எழுதிக்கொடுத்தார். கேட்டது ஒரு கையெழுத்து; அவர் இரண்டு வைத்து, கடை முத்திரையும் குத்தினார்.

"மெஷின எங்க இறக்குற?" என்று கேட்டான் லொறிக்காரன்.

"வேர்க்‌ஷொப்புக்குள்ள, யன்னலோரம்," என்றாள் ஆதிலா.

நாலு பேர் தூக்கிப்போய் இறக்கினார்கள். ஆட்டி அசைத்து இடம் பார்க்கும் வேலையே அவர்களுக்கு இருக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் பூட்டை உடைத்த கள்ளர்கள், அங்கேயிருந்த மெஷினைக் கழற்றிக்கொண்டு தரையில் விட்டுப்போயிருந்த நான்கு போல்ட்டிலும் அது நேராகப் போய் உட்கார்ந்ததை, மதிப்பீட்டுக் குழுவாக வந்திருந்த இரண்டு பொலிஸ்காரரும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்கள்.