நூற்று இருபது டிகிரி

"ஆயில் கூலர் மாட்டணும்னு உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க."

காரை விட்டு இறங்கியவர் வெல்டரைப் பார்த்துத்தான் சொன்னார். ஐந்தடி தள்ளி நின்ற பட்டறை முதலாளி மெக்கானிக் பக்கம் திரும்பவே இல்லை.

மெக்கானிக்கும் வெல்டரிடமே கேட்டார். "எதுக்காம்?"

"வேகத்துக்காக இஞ்சின்ல டர்போ போட்டிருக்கேன். ஆயில் கொதிச்சிடுமாம். பார்க்கிறவன் எல்லாம் சொல்றான்."

"பார்க்கிறவன் எல்லாம் மெக்கானிக்கான்னு கேளு."

"நான் என்ன, நடுவுல மாட்டி வெச்ச டெலிபோனா?" என்றார் வெல்டர்.

வந்தவர் மெக்கானிக்கின் கூடப்பிறந்த தம்பி. பேச்சு நின்று பதினொரு வருஷம், நாலு மாசம். நாலு பேர் இருந்த இடத்தில், "நட்டு முடுக்கறவன் பேச்சைக் கேட்டு வீடு கட்ட முடியுமா?" என்று தம்பி ஒரு வார்த்தை விட்டான். அதை மெக்கானிக் இன்னும் மனசிலிருந்து இறக்கி வைக்கவில்லை. தப்புப் பேசினவன்தானே முதலில் படியேறி வரவேண்டும்?

இப்போது வந்திருக்கிறான். ஆயில் கூலருக்கு!

ஐம்பத்தேழு வயசு. தலை முழுக்க நரை. இந்த வயசில் டர்போ கேட்கிறதாம் துரைக்கு.

பானெட்டைத் திறந்து பார்த்தார். டர்போ போட்டவன் சுத்தமாகத்தான் போட்டிருந்தான். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததில் இன்னும் எரிச்சல் வந்தது.

"கேட்டதும் மாட்ட முடியாதுன்னு சொல்லு. ஆயில் சூடு நூத்தி இருபதைத் தாண்டினாதான் கூலர். தாண்டாத இஞ்சின்ல மாட்டினா, ஆயில் சூடே ஏறாம ஈரம் உள்ளயே தங்கி இஞ்சினைத் தின்னுடும். சூடு காட்டற மீட்டர் வெச்சு மேட்டு ரோட்டுல இருபது நிமிஷம் ஓட்டிப் பார்க்கணும். ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் மீட்டரைப் பார்க்கணும்."

"எனக்கு வேலை கிடக்குப்பா," என்று வெல்டர் முகமூடியை மாட்டிக்கொண்டார்.

அண்ணனும் தம்பியும் ஏறினார்கள்.

"எண்பத்தி நாலு," என்றார் மெக்கானிக், தம்பியிடம் இல்லாமல் முன் கண்ணாடியிடம் சொல்வதுபோல.

"ம்."

"தொண்ணூறு. அழுத்தி ஓட்டு. காய்கறி வாங்கவா போறோம்?"

"அழுத்திட்டுதான் இருக்கேன்."

வேகம் அறுபதைத் தாண்டவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். சின்ன வயசில் சைக்கிள் பழகும்போதும் இப்படித்தான். பின்னால் அண்ணன் பிடித்திருக்கிறானா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்ப்பான்.

தம்பி இருமினான். அப்பாவின் இருமல், அப்படியே.

"லாரி வருது, பார்த்து!"

பழைய அண்ணன் குரல் வாய் தவறி வந்துவிட்டது. உடனே மீட்டர் பக்கம் குனிந்துகொண்டார்.

உச்சியில் மீட்டர் நூற்று இரண்டு காட்டியது.

கூலர் தேவையே இல்லை. அதைச் சொன்னால் தம்பி காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். போனால் இன்னும் பதினொரு வருஷம். அவ்வளவு வருஷம் கையில் இருக்கிறதா என்ன?

"இன்னிக்கு வெயில் பத்தல," என்றார் மெக்கானிக். "இதை வெச்சு முடிவு சொல்ல முடியாது. அடுத்த சனிக்கிழமை வா."

அடுத்த சனிக்கிழமை நூற்று நாலு. எதிர்க்காற்று அடித்தது என்றார். அதற்கடுத்த வாரம் மீட்டர் மேல் சந்தேகம் என்றார். நாலாவது வாரம் தம்பியின் முழங்கால் வலி தெரியவந்தது. ஐந்தாவது வாரம், "அண்ணிக்குச் சர்க்கரை எப்படி இருக்கு?" என்று அவன் கேட்டான். 'நல்லாருக்கா' என்றார் மெக்கானிக், மீட்டரைத் துடைத்தபடி.

சனிக்கிழமைகளில் அவர் காலையிலேயே சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார்.

"முகத்துல ரத்தம் வருது. பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்றார் வெல்டர்.

"வேலையைப் பாருய்யா."

"பார்க்கறேன். ஆனா இது நல்லா இல்லண்ணே. ஆறு வாரமா அந்த மனுஷனை அலைய விடறீங்க. பழி தீர்க்கறதுக்கும் ஒரு அளவு இருக்கு. ரெண்டரை மணி நேரம் ஓட்டிட்டு வர்றார், தெரியுமா?"

"ரெண்டரை மணி நேரமா? பாலத்துக்கு அந்தப்பக்கம்தானே வீடு?"

"அதைக் காலி பண்ணி மூணு வருஷம் ஆச்சாம். நீங்க கேட்டாத்தானே!"

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். முழங்கால் வலியோடு போக வர ஐந்து மணி நேரம்.

ஏழாவது சனிக்கிழமை மேட்டு உச்சியில், "ஓரமா நிறுத்து," என்றார்.

தம்பி நிறுத்தினான்.

"கூலர் வேண்டாம். மாட்டினா இஞ்சினுக்குத்தான் கேடு. மொத நாளே எனக்குத் தெரியும்."

தம்பி எதிரே ரோட்டைப் பார்த்தான்.

"தெரிஞ்சும் அலைய விட்டேன். திட்டறதுன்னா திட்டிக்கோ. அடுத்த வாரம் வர வேண்டாம்."

சொல்லிவிட்டு மீட்டரையே பார்த்தார்.

தம்பி இஞ்சினை அணைத்தான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"கூலரை விடுண்ணே. அறுபதைத் தாண்டி ஓட்டவே பயப்படறவனுக்கு டர்போ எதுக்கு? நல்லா ஓடிட்டிருந்த காரோட உன் வாசல்ல எப்படிண்ணே வந்து நிக்கறது?"