பிறர் கைச் சோறு

நாய்க்குட்டி வந்த ஒன்பதாம் நாள் காலையில், மிளகாய்ப்பொடி போட்டுப் பிசைந்த சோற்று உருண்டையைச் சன்னாசி தன் மனைவி வெள்ளத்தாயின் கையில் வைத்தான்.

"நீ குடுடி. அடுத்தவக கையால திங்கக் கூடாதுன்னு இளசுலயே பழக்கணும். மூத்த நாய மருந்து வச்சுத்தான கொன்னான் பக்கத்து வீட்டுக்காரன்?"

குட்டி வாலை ஆட்டிக்கொண்டு வந்து விழுங்கியது. பிறகு மூக்கைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கத்தியது. கத்தும்போதே அவள் அதை விளக்குமாற்றால் அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் அவள் முதுகில் விழும். எல்லாம் முடிந்ததும் அவன் தன் கையால் அதற்குப் பால்சோறு ஊட்டுவான். தினமும் இப்படி நடந்ததில், பத்தே நாளில் அவள் கையைக் கண்டாலே குட்டி மூத்திரம் விட்டது.

"பய பாஸாயிட்டான்டி!" என்று சன்னாசி தொடையைத் தட்டிச் சிரித்தான்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரனைக் கழுத்தில் வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனான்.

குட்டி பட்டினி கிடந்தது. வெள்ளத்தாய் முதல் வாயைத் தானே தின்று காட்டினாள். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊட்டிப் பார்த்தாள். குட்டி அவள் விரலைக் கடித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நான்காம் நாள் அதனால் தலையைத் தூக்க முடியவில்லை. அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, தூக்குவாளியில் பால்சோற்றோடு ஜெயில் வாசலுக்குப் போனாள்.

"கைதியப் பாக்க ஆளுக்குத்தாம்மா மனு. நாய்க்கெல்லாம் கெடையாது," என்றார் காவலர்.

"நாங்க யாரும் அவுகளப் பாக்க வேணாங்கய்யா. இந்தச் சோத்த மட்டும் அவுக கையால ஒரு தடவ பிசைஞ்சு வாங்கித் தாறீகளா?"